மலைக்கு வாட்டர் ஃபில்டர் வாங்குகிறீர்களா? தண்ணீர் தெளிவாக வருவதை நம்பி ஏமாறாதீர்கள்

ஆன்லைனில் ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய ஆறு கையடக்க வாட்டர் ஃபில்டர்களில் மூன்று தேறவில்லை. ஒன்று ஏற்கெனவே யாரோ பயன்படுத்தித் திருப்பி அனுப்பியது. மற்ற இரண்டிலும் உள்ளே இழை அறுந்திருந்தது. ஆனால் ஆறிலும் தண்ணீர் ஒரே மாதிரி தெளிவாகத்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத பழுது என்பதால் இதில் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள், வால்பாறை பக்கம் நடக்கிறவர்கள், இமயமலை டிரெக்கிங்குக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் எல்லோரும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தேறாத ஒன்றை ஆக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்தோம். வெள்ளை வெளேரென்று, சேமியாக் கட்டைப் போல நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்கள். ஒவ்வொன்றையும் கொண்டை ஊசி வளைவு மாதிரி மடித்து, இரண்டு முனைகளையும் ஒரே பக்கம் சேர்த்துப் பிசினில் பதித்திருக்கிறார்கள். இதைத்தான் ஹாலோ ஃபைபர் என்கிறார்கள். ஓடைத் தண்ணீர் குழல்களுக்கு வெளியே நிற்கும். குழல் சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாக உள்ளே புகுந்து, பிசினில் வெட்டிவிட்ட முனைகள் வழியாக உங்கள் பாட்டிலுக்கு வரும். துளையின் அளவு பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியாவின் சிஸ்ட் (உறைக்குள் இருக்கும் நிலை) 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான், ஈ.கோலை பாக்டீரியாவின் தடிமன் அரை மைக்ரான் அளவு. துளை சரியாக இருந்தால் இவை எதுவும் தாண்டாது.

அறுத்த ஃபில்டரில் பிசினை ஒட்டிய இடத்தில் நாலைந்து குழல்கள் வேரோடு ஒடிந்து கிடந்தன. ஒடிந்த குழலுக்குள் போகும் தண்ணீர் எந்தத் துளையையும் தாண்ட வேண்டியதில்லை. நேராக உள்ளே நுழைந்து நேராக வெளியே வந்துவிடும். மீதிக் குழல்கள் ஒழுங்காக வடிகட்டுவதால் கலங்கல் தெரியாது. நல்ல தண்ணீரோடு கொஞ்சம் ஓடைத் தண்ணீரும் கலந்து வரும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சமே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும்.

இதைச் சொன்னபோது விற்பனையாளர் தந்த பதில், "டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள்." இந்தப் பதில் எங்கே வந்தாலும் உஷாராகிவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை மட்டும்தான் அளக்கும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஹாலோ ஃபைபர் கரைந்த உப்பைத் தொடுவதே இல்லை. நல்ல ஃபில்டரானாலும் உடைந்த ஃபில்டரானாலும் மீட்டரில் ஒரே எண்தான் வரும். சேற்றுத் தண்ணீரை ஊற்றித் தெளிவாக்கிக் காட்டும் வீடியோக்களும் இதே ரகம். மண் துகள் நிற்பதைக் காட்டுகிறார்கள், பாக்டீரியா நிற்பதை அல்ல.

அடுத்த சிக்கல் இன்னும் மோசம். ஃபில்டர் பழுதா என்று பார்க்க அதை நனைத்தாக வேண்டும். நனைத்துவிட்டால், "பயன்படுத்திய பொருள், சுகாதாரம் சம்பந்தப்பட்டது, திரும்ப எடுக்க முடியாது" என்கிறார்கள். அதனால் வரிசையை மாற்றாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே, முகவரி ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முதலில் உலர்ந்த நிலையில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடியுங்கள். பிறகுதான் தண்ணீர்.

உலர்ந்த நிலையில் பார்ப்பது இப்படி. தண்ணீர் நுழையும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். இழைகள் பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும். நாங்கள் வாங்கியதில் ஒன்றின் வாயருகே, ரப்பர் வாஷருக்கு அடியில், காய்ந்த தேயிலைக் கறை மாதிரி பழுப்பு வளையம் இருந்தது. பெட்டியில் சீல் அப்படியே இருந்தும் உள்ளே பழைய சரக்கு. முகர்ந்தும் பாருங்கள், மூடி வைத்த குளத்து வாடை வந்தால் அது புதியதல்ல. பிறகு சமையலறைத் தராசில் எடை போடுங்கள். நிறுவனம் சொல்லும் உலர் எடையைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் இழைகளில் தண்ணீர் தங்கியிருக்கிறது. கூடவே வர வேண்டிய சிரிஞ்ச், வாஷர் எல்லாம் இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த வாஷர் இல்லாமல் வந்தால் ஃபில்டர் பாதிக்குத்தான் வேலை செய்யும். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

பெட்டியின் மேல் எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் பெயர் முகவரி, எந்த நாட்டில் தயாரானது, மாதம் வருடம் ஆகியவை இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் பொதி செய்த இறக்குமதிப் பொருள் எதுவானாலும் இது சட்டப்படி கட்டாயம். பெயர் பெற்ற பிராண்டின் பெட்டியில் இறக்குமதியாளர் ஸ்டிக்கரே இல்லையென்றால் போலியாகவோ கணக்கில் வராத சரக்காகவோ இருக்கலாம். இரண்டிலும் உத்தரவாதம் உங்களுக்குக் கிடைக்காது.

இனி நனைத்துப் பார்க்கும் சோதனை. ஆறவைத்த கொதிநீர் ஒரு லிட்டரை ஃபில்டர் வழியாக முழுசாகச் செலுத்துங்கள். இழைகள் நன்றாக நனைய வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே தப்பாகிவிடும். காய்ந்த இழை காற்றைத் தாராளமாக விடும். பிறகு தண்ணீர் நுழையும் பக்கத்தை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, தண்ணீர் வெளிவரும் பக்கத்தில் வாயை வைத்து ஊதுங்கள். முதலில் உள்ளே தங்கிய தண்ணீர் கொஞ்சம் தள்ளப்படும், ஓரிரண்டு குமிழி வரலாம். அதற்குப் பிறகு கன்னம் உப்பினாலும் காற்று போகக் கூடாது. நனைந்த நுண்துளையில் தண்ணீர் அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். மனிதர் ஊதும் அழுத்தத்துக்கு அது விலகாது. டம்ளரில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ குழல் ஒடிந்திருக்கிறது. எங்களுக்கு இரண்டு ஃபில்டர் பிடிபட்டது இப்படித்தான்.

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. சில மாடல்களில் காற்று தேங்காமல் வெளியேறுவதற்கென்றே தனியாகச் சில இழைகள் வைத்திருப்பார்கள். அதில் இந்தச் சோதனை பொருந்தாது, கையேட்டில் சொன்ன முறையைச் செய்யுங்கள். இன்னொன்று, ஓடைத் தண்ணீர் பட்ட ஃபில்டரின் நுழைவாயில் பக்கம் ஒருபோதும் வாயை வைக்காதீர்கள். மேலும், இந்தச் சோதனையில் தேறினால் பெரிய உடைப்பு இல்லை என்றுதான் அர்த்தம். துளையின் அளவு 0.1தானா என்பதை வீட்டில் யாரும் அளக்க முடியாது.

இழைகள் ஏன் ஒடிகின்றன? முக்கியக் காரணம் உறைபனி. ஒருமுறை நனைந்த ஃபில்டரின் உள்ளே தண்ணீர் தங்கிவிடும். அது உறையும்போது விரிந்து குழல்களை உடைத்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. குளிர்காலத்தில் உத்தராகண்டின் கேதார்காந்தா மாதிரி பனி மலைக்குக் கொண்டுபோய் ஒரு ராத்திரி டென்ட்டுக்கு வெளியே விட்டால் போதும். இப்படிக் கெட்டுத் திரும்பி வந்ததைத் துடைத்து மறுபடி விற்றால் வாங்குகிறவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இதனால்தான் மலையடிவாரக் கடைகளில் டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்கு எடுங்கள், ஃபில்டரை மட்டும் எடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறோம். அது போன சீசனில் எங்கே கிடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. செகண்ட் ஹேண்டும் அதேதான். உங்கள் சொந்த ஃபில்டரை ராத்திரியில் ஜிப் கவரில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுங்கள். கீழே விழுந்து அடிபட்டாலும் இழைகள் ஒடியலாம். விழுந்தால் மறுபடி ஊதிப் பாருங்கள். அடைத்துக்கொண்டு மெதுவாக வந்த ஃபில்டர் பேக்வாஷ் (சிரிஞ்சால் எதிர்ப்பக்கமிருந்து தண்ணீரைத் தள்ளிக் கழுவுவது) செய்யாமலேயே திடீரென வேகமாக வரத் தொடங்கினால் சந்தோஷப்படாதீர்கள், அதுவும் உடைப்பின் அடையாளம்.

பெட்டியில் அச்சிட்டிருந்த வாசகங்களுக்கு வருகிறோம். "99.9999% பாதுகாப்பு, வைரஸ் உட்பட" என்று இருந்தது. துளை 0.1 மைக்ரான் என்றும் அதே பெட்டியில் இருந்தது. 0.1 மைக்ரான் என்றால் 100 நானோமீட்டர். மஞ்சள் காமாலையைக் கொடுக்கும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் சுமார் 30 நானோமீட்டர், நோரோ வைரஸ் 40க்குள், ரோட்டா வைரஸ் 75 அளவில். இவை அந்தத் துளையில் தாராளமாகப் போகும். ஆக, அந்த இரண்டு வாசகங்களும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987இல் வகுத்த வழிகாட்டியில் மூன்று தனித்தனி அளவுகள் இருக்கின்றன: பாக்டீரியாவுக்கு 99.9999%, வைரஸுக்கு 99.99%, ஜியார்டியா போன்றவற்றுக்கு 99.9%. மூன்றும் தேறினால்தான் அது கிருமிநீக்கி. பாக்டீரியாவின் எண்ணை மட்டும் எடுத்துப் பெரிதாகப் போட்டு மற்றதை விட்டுவிடுவது பழைய தந்திரம்.

என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தரச்சான்று அமைப்பின் முத்திரை இருந்தாலும் எந்த எண் என்று பாருங்கள். 42 என்பது குளோரின் வாடை, சுவை சம்பந்தப்பட்டது. 372 என்பது பொருளில் ஈயம் கலந்திருக்கிறதா என்பது. கிருமிநீக்கிக்கானது பி231. "ஐ.எஸ். 10500" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம்; அது குடிநீர் எப்படி இருக்க வேண்டும் என்ற தரம், ஃபில்டருக்குத் தரும் சான்று அல்ல. வாங்கும் முன் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அதில் மாடல் பெயர், தேதி, எந்தக் கிருமி, எத்தனை லிட்டர் ஓடியபின் சோதித்தார்கள் என்பது இருக்க வேண்டும். முதல் லிட்டரில் எல்லா ஃபில்டரும் நல்ல ஃபில்டர்தான்.

வைரஸ் விஷயத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஃபில்டர்களில் பல அமெரிக்கக் காடுகளில் நடக்கிறவர்களுக்காகச் செய்தவை. அங்கே ஓடைக்கு மேலே ஊர் இல்லாத இடங்கள் நிறைய. நம் மலைகளில் மேலே ஊர் இருக்கும், கோவில் இருக்கும், கோவேறு கழுதைப் பாதை இருக்கும், சீசனில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஏறுவார்கள். மனிதக் கழிவு கலக்கிற ஓடையில் வைரஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வழி சுலபமானது: முதலில் வடிகட்டுங்கள், பிறகு குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விடுங்கள், ரொம்பக் குளிர்ந்த தண்ணீரானால் இன்னும் கூடுதலாக. ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது அட்டைக்கு அட்டை மாறும், படித்துவிட்டுப் போடுங்கள். வரிசையைத் திருப்பாதீர்கள். கலங்கல் தண்ணீரில் போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். மாத்திரையை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் சாகாது. அதை ஃபில்டர்தான் நிறுத்த வேண்டும். ஸ்டவ் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம்.

தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். பூச்சிமருந்து கரைந்திருந்தால் ஹாலோ ஃபைபர் ஒன்றும் செய்யாது. விரல் அளவு கார்பன் கேட்ரிட்ஜை நம்பியும் குடிக்க வேண்டாம்.

அந்த வாஷர் விஷயம். ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஃபில்டரைத் திருகிப் பொருத்தும் பையை அமுக்கும்போது, பைக்கும் ஃபில்டருக்கும் இடையே உள்ள மரையைப் பாருங்கள். வாஷர் இல்லாமலோ கோணலாகவோ இருந்தால் அங்கே ஒரு சொட்டு திரளும். ஃபில்டரின் வெளிப்பக்கமாகவே வழிந்து, நுனிக்கு வந்து, சுத்தமான தண்ணீர் பிடிக்கும் பாட்டிலுக்குள் விழும். வடிகட்டாத ஓடைத் தண்ணீர் அது. உபரியாக இரண்டு வாஷர் வைத்திருங்கள். கூட வரும் பைகள் ஓரத் தையலில் பிரிந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, முறுக்கிப் பிழியாதீர்கள். சாயர் பிராண்ட் மாதிரி 28 மி.மீ. மரை உள்ள ஃபில்டர் சாதாரண கோலா பாட்டிலில் பொருந்தும், அதுவே நல்ல மாற்று. குட்டை மூடி போட்ட தண்ணீர் பாட்டில்களில் பல பொருந்தாது. வீட்டிலேயே திருகிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயம் விற்பனையாளர் பக்கமும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஃபில்டரில் தண்ணீர் வராவிட்டால் அது பழுதல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து சிரிஞ்சால் பேக்வாஷ் செய்தால் திறக்கும். போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்ததால் உப்புப் படிந்திருந்தால் வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்.

பணம் திரும்ப வாங்குவதற்கு: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், சாட்டில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார் கட்டணம் இல்லை. எங்கள் புகாரில் "வைரஸ் உட்பட" என்ற வாசகத்தின் படத்தையும் 0.1 மைக்ரான் என்ற வாசகத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியபின்தான் பதிலின் தொனி மாறியது. மூன்றுக்கும் பணம் வந்துவிட்டது. ஆனால் அதே பெட்டி, அதே வாசகத்தோடு, இன்னும் விற்பனையில் இருக்கிறது.