பன்னிரண்டு ஆண்டுகளாக என் களப்பையில் ஒரு திசைகாட்டி

2013-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நிலவியல் திசைகாட்டியைத் திருநெல்வேலிக்கு அருகே ஒரு பாறைமேல் முதன்முதலாகத் திறந்து வைத்தபோது, ஊசியின் தென்முனை சாய்ந்து அடித்தட்டை உரசிக்கொண்டு நின்றது. கண்ணாடியை நகத்தால் தட்டினால்தான் அசைந்தது. பழுதான சரக்கு என்றே நினைத்தேன். உண்மையில் அது வட ஐரோப்பாவுக்கெனச் சமன்செய்யப்பட்ட கருவி. அங்கே புவிக்காந்தப்புலம் வடமுனையை வலுவாகக் கீழ்நோக்கி இழுப்பதால், அதை ஈடுகட்டத் தென்முனைப் பக்கம் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை மாட்டியிருந்தார்கள். காந்த நடுக்கோடு ஒட்டிச் செல்லும் நம் தென்கோடியில் அந்த இழுப்பு ஏறக்குறைய இல்லை. மூடியைக் கழற்றிக் குண்டூசியால் சுருளை நடுப்பக்கம் நகர்த்தினேன். அதன்பின் இன்றுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

ஊசியை ஆட்டுவிக்கும் புலம் பிறப்பது காலடிக்குக் கீழே 2,900 கிலோமீட்டரில் தொடங்கும் திரவ இரும்பு வெளிக்கருவில். மேலே உள்ள கவசம் எனும் பாறை அடுக்கு வெப்பத்தை உறிஞ்ச, குளிர்ந்த இரும்பு அமிழ்கிறது. உட்கரு உறையும்போது வெளித்தள்ளப்படும் இலேசான தனிமங்கள் மேலெழுந்து கலக்குகின்றன. இந்த ஓட்டத்தைப் புவிச்சுழற்சி முறுக்க, அதில் எழும் மின்னோட்டம் புலத்தைத் தொடர்ந்து காக்கிறது. ஓட்டம் மாறினால் புலமும் மாறும். வட காந்தமுனை சைபீரியாவை நோக்கி ஆண்டுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்ததால், புவிக்காந்தப்புலத்தைக் கணித்துக் காட்ட ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியாகும் உலகக் காந்த மாதிரியை 2019 பிப்ரவரியில் இடையிலேயே திருத்த வேண்டியதாயிற்று. நம் பகுதியில் காந்த ஒதுக்கம், அதாவது ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணம், சிறியதாகையால் எனக்கு அதனால் தொல்லை ஏற்படவில்லை.

மாணவர்கள் தவறாமல் கேட்பது: இது செவ்வாயில் வேலை செய்யுமா? இன்சைட் கலம் தான் இறங்கிய இடத்தில் அளந்த புலம் சுமார் 2,000 நானோடெஸ்லா. நெல்லையில் ஏறத்தாழ 40,000. அந்தச் சிறு புலமும் பழம்பாறைகளில் உறைந்துபோன எச்சமே; ஊசி திரும்பினாலும் அது அருகிலுள்ள பாறையைக் காட்டுமேயன்றி வடக்கைக் காட்டாது. திரவ இரும்பின் ஓட்டத்தால் புலத்தைப் பிறப்பிக்கும் செவ்வாயின் டைனமோ ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. விந்தை என்னவென்றால், அதன் கரு இன்றும் பெருமளவு திரவமாக இருப்பதை அதே கலத்தின் நிலநடுக்கப் பதிவுகள் காட்டின. ஆக, இரும்பு உருகிக் கிடப்பது மட்டும் போதாது. அதைக் கொந்தளிக்க வைக்கும் வேகத்தில் வெப்பம் வெளியேறவும் வேண்டும். நிலத்தட்டுகள் நகராத வெள்ளியிலும் கவசம் மந்தமாகக் குளிர்வதே புலம் இல்லாததற்குக் காரணம் என்பது பலரின் கருத்து. புதனோ அத்தனை சிறியதாயிருந்தும், நம் புலத்தில் நூற்றில் ஒரு பங்கை இன்றும் தக்கவைத்திருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் ஊசி எந்த மண்டலத்துக்குச் சமன்செய்யப்பட்டது என்று முதலில் கேளுங்கள். காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறையுடன் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒருமுறை அப்படி வைத்து, வடக்கும் தெற்கும் இடம்மாறிய ஊசியோடு அரைநாள் அலைந்திருக்கிறேன்.