‘800 ஜிஎஸ்எம்’ என்று விற்ற துணி, தராசில் 48 கிராம்

கறுப்பு, கருநீல வண்டி வைத்திருப்பவர்கள் பாலிஷுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடை கோவையில். பெயர் வேண்டாம், இதே கூத்து பல ஊர்களிலும் நடக்கிறது.

ரப்பிங், பாலிஷ், வேக்ஸ் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்தபோது பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. பாலிஷுக்கு முன்னால்கூட இவ்வளவு கீறல் இல்லை.

போய்க் கேட்டேன். “கறுப்புன்னா அப்படித்தான் சார் தெரியும்” என்றார் ஓனர். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வண்டியில் ஒரு பையன் கதவு இடுக்கு அழுக்கைத் துடைத்தான். அதே துணியை ஓர் உதறு உதறிவிட்டு பானெட்டில் போட்டுத் தேய்த்தான். பின்பக்கம், ரப்பிங்குக்குப் பூசும் காம்பவுண்ட் பசையைத் துடைத்த துணிகள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. காம்பவுண்டில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, உப்புத்தாளில் வருகிற அதே சரக்கு. அது துணியில் இறுகிப்போனால் பிறகு துடைப்பது எங்கே, இழைப்பதுதான். பெயின்ட்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. கீறலை எடுக்க மறுபடி பாலிஷ் போட்டால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

இத்தோடு விடவில்லை. “வீட்ல துடைக்க இதை வச்சுக்கோங்க, 800 ஜிஎஸ்எம், இம்போர்ட்டட்” என்று மிக மெல்லிய செயற்கை இழையில் செய்த நான்கு மைக்ரோஃபைபர் துணிகளை 1,200 ரூபாய்க்குத் தலையில் கட்டியிருந்தார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான். 40க்கு 40 சென்டிமீட்டர் துணி 800 ஜிஎஸ்எம் என்றால் 128 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் 48 காட்டியது. அதாவது 300.

300 ஜிஎஸ்எம் மட்டம் என்று சொல்லவில்லை. காம்பவுண்டைத் துடைத்தெடுக்க அந்தக் குட்டை இழைதான் நல்லது, கனத்த துணி கடைசித் துடைப்புக்கு. ஆனால் இதில் தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சாமல் உருண்டு ஓடுகிறது. நல்ல மைக்ரோஃபைபரில் இழை பிளந்திருக்கும், சொரசொரப்பான உள்ளங்கையில் வைத்து இழுத்தால் பிடிக்கும். இது வழுக்கிக்கொண்டு போகிறது. போதாக்குறைக்கு ஓரத்தில் கெட்டி நைலான் தையல், மூலையில் லேபிள். இரண்டுமே பெயின்ட்டைக் கீறும்.

நல்ல துணி கிடைத்தாலும் துவைப்பதில் கெடுத்துவிடாதீர்கள். காம்பவுண்ட் காய்வதற்குள் அலசுங்கள். சோப்புத் தூள் வேண்டாம், லிக்விட் போதும். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் இழையில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு முழுக்க இதில் ஒட்டிக்கொள்ளும். நிழலில் காயட்டும், இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது. தரையில் விழுந்த துணி அன்றிலிருந்து டயருக்கு.

வண்டியை விடும் முன் துணி அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். பாடிக்கு ஒரு நிறம், வீலுக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைத்திருந்தால் பேசலாம். மழுப்பினால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்பிவிடுங்கள்.

தராசுப் படத்தைக் காட்டிய பிறகு துணிக்கான 1,200 மட்டும் திரும்பி வந்தது. பாலிஷ் பணத்துக்கு இன்னும் “ஓனர் வெளியூர்” என்றுதான் பதில்.