மதர்போர்டு மாறவே இல்லை, 7,800 ரூபாய் போய்விட்டது

அல்சூரில் தனியாக இருக்கும் என் அப்பாவை ஏமாற்றி, கணினி ரிப்பேர் என்று ஒருவர் போன மாதம் 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பெங்களூரில் இப்படிப் பழைய கணினியை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறைய பேர். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

அப்பாவின் கணினி 2012-இல் பெங்களூரின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்தது. இன்னும் விண்டோஸ் 7தான். தெருக் கோயிலின் ஆடிக் கூழ் வரவு செலவு முழுக்க அதில்தான் இருக்கிறது. முதலில் மவுஸ் விட்டு விட்டு வேலை செய்தது. அப்புறம் பிரிண்டர் தெரியவில்லை. ஒருநாள் காலை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரன்ட்' என்று ஏதோ வந்து, 15 நொடியில் தானாக அணைந்துவிட்டது. நான் அப்போது வேலையாக டெல்லியில் இருந்தேன். அப்பா பிரிண்டர் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். அது கம்பெனி எண்ணே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வந்த ஆள் தமிழில் பேசியிருக்கிறார். "ஐயா எந்த ஊரு? குடியாத்தமா? எங்களுக்கும் அந்தப் பக்கம்தான்" என்றாராம். எனக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை. நாற்பது வருடமாகப் பெங்களூரில் இருக்கும் அப்பா, ஊர்ப்பாசத்தில் மறுகேள்வி கேட்கவில்லை. "மதர்போர்டு போயிடுச்சு, பிரிண்டர்லயும் போர்டு போயிடுச்சு" என்று சொல்லி, கேபினெட்டை (கணினிப் பெட்டியை) அந்த ஆள் ஆட்டோவில் எடுத்துப் போய், நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தார். பழைய பாகம் தரவில்லை, பில்லும் தரவில்லை. பிரிண்டருக்கு இன்னும் 2,500 ஆகும் என்றதும்தான் அப்பா என்னிடம் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய அன்றே பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அப்பா எதையும் தூக்கிப் போடாதவர். 2012 பில் பீரோவில் இருந்தது. அதில் எழுதியிருந்த மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முக்கியப் போர்டு) சீரியல் எண்ணும் உள்ளே ஸ்டிக்கரில் இருந்த எண்ணும் ஒன்றேதான். போர்டை யாரும் மாற்றவே இல்லை. இரண்டு 2 ஜிபி ராம் (நினைவகம்) இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. முன்பக்க யூஎஸ்பிக்குப் போகும் ஒயரை மட்டும் போர்டிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்.

அவர் செய்த ரிப்பேர் அவ்வளவுதான். கோளாறும் அந்த முன்பக்க யூஎஸ்பியில்தான். முன்பக்க யூஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, பின்கள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பென் டிரைவைத் திருப்பிச் செருகப் பார்த்து அழுத்தினால் இப்படி ஆகும். யூஎஸ்பி 2.0 துளைக்குக் கணக்கு 500 மில்லி ஆம்பியர். பின்கள் ஒட்டி ஷார்ட் ஆனால் அதைவிட அதிகமாக மின்சாரம் இழுக்கும். போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். போர்டின் பாதுகாப்பு வேலை செய்ததால்தான் அந்த எச்சரிக்கையே வந்தது. அதைக் காட்டியே போர்டு போச்சு என்று சொல்லியிருக்கிறார்.

பிரிண்டரிலும் ஒன்றும் இல்லை. கணினியின் முன்பக்கத் துளையில் இருந்த பிரிண்டர் கேபிளை அப்பா பின்பக்கம் மாற்றிச் செருகியிருந்தார். துளை மாறினால் சில பிரிண்டர்களை விண்டோஸ் புது பிரிண்டர் என்று நினைத்து, 'காப்பி 1' என்று இன்னொன்றைச் சேர்த்துவிடும். பழைய பெயர் ஆஃப்லைன் என்று கிடக்க, அச்சிடுவதெல்லாம் அதற்கே போய்க்கொண்டிருந்தது. காப்பி 1-ஐ டிஃபால்ட் ஆக்கினேன், அச்சாகிவிட்டது.

எஸ்.பி. ரோட்டில் பழைய டிடிஆர்3 ராம் ஒன்று 400 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அந்த ஆளின் எண் இப்போது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். கையில் இருக்கும் ஆதாரம் யூபிஐ பரிவர்த்தனையும் பழைய பில்லும்தான். பில் தராததே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. தேவைப்பட்டால் அங்கும் போவேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி ஒரு கணினி இருந்தால், யாரையும் கூப்பிடும் முன் எல்லா யூஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். முன்பக்கத் துளைகளில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட்டை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மூடியைத் திறந்து ராமும் போர்டு ஸ்டிக்கரும் தெரியும்படி இரண்டு படம் எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு கொடுக்கட்டும்.