கொழும்பு முகவரா, இணையத் தளமா?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் மருதமுனையின் கைத்தறித் துணிகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு: கொழும்பிலுள்ள சரக்கு முகவர், அல்லது பல நிறுவனங்களின் கட்டணங்களை ஒரே திரையில் காட்டி முன்பதிவும் செய்துதரும் இணையத் தளம்.

விலை அறிவதில் தளம்தான் முந்துகிறது. பெட்டியின் அளவையும் எடையையும் கொடுத்தால் சில நிமிடங்களில் கட்டணங்கள் வந்துவிடுகின்றன. முகவரின் பதிலுக்கு இரண்டு நாள் காத்திருக்கவேண்டும். எனக்கு இன்னொரு பெரிய நன்மையும் கிடைத்தது. விமானச் சரக்கில் வழக்கமாக 6000 கன சென்ரிமீற்றரை ஒரு கிலோவாகக் கணக்கிடுவார்கள் என்பதைத் தளத்தில்தான் கற்றேன். மூன்று பக்கமும் 60 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி 20 கிலோ இருந்தாலும், 36 கிலோவுக்குக் கட்டணம் விழும். அன்றிலிருந்து சாரங்களை இறுக்கி மடித்து, சிறிய பெட்டிகளிலேயே அடுக்குகிறேன்.

ஆவணங்கள் என்று வந்தால் முகவருக்கு ஈடில்லை. ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார்: "தம்பி, விலைப்பட்டியலில் 14 பெட்டி, பொதிப்பட்டியலில் 15 பெட்டி. எது சரி?" நான் பதினான்குதான் கட்டியிருந்தேன். அந்தப் பிழையோடு போயிருந்தால் சரக்கு சுங்கத்தில் முடங்கியிருக்கும். 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் துறைமுகத்துக்கு நான் நினைத்தவுடன் ஓடமுடியுமா?

ஆகவே, விமானத்தில் போகும் சிறு பொதிகளைத் தளத்தில் பதிகிறேன். கப்பல் சரக்கை அவரிடமே கொடுக்கிறேன். தளத்தின் விலையைக் காட்டிப் பேசவும் தயங்குவதில்லை.