‘பிள்ளை’ என்று எழுதிய சுவர்ப்படம்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பெயர்ப்பலகைகளும் நினைவுக் கேடயங்களும் செய்து தரும் சிறிய கடையொன்றில், நாம் சொல்லும் குடும்பப் பெயரைத் தாங்கிய சான்றோரைத் தொகுத்துச் சட்டமிட்ட சுவர்ப்படமாக்கித் தருகிறார்கள். என் தாத்தாவின் பெயரோடு இருந்த ‘பிள்ளை’, அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ‘அனாக் லெலாக்கி’ (மலாயில் ‘மகன்’) என்பதை அடுத்து வரும் தாத்தாவின் பெயரோடு நின்றுவிட்டது. இன்று எங்களில் எவருடைய அடையாள அட்டையிலும் அது இல்லை. வீட்டுக் கூடத்திலாவது அது இருக்கட்டும் என்று 180 ரிங்கிட் கொடுத்துச் செய்யச் சொன்னேன்.

வேலைப்பாட்டில் குறையில்லை. தேக்குச் சட்டம் உறுதியாக இருக்கிறது. எழுத்துகள் கண்ணாடி போட்டுத் தேட வேண்டாத அளவுக்குப் பெரியவை. ல, ள, ழ எதுவும் இடம் மாறவில்லை. பினாங்கிலிருந்து 1819 மே மாதம் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்சுடன் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்று, 1827இல் அங்கே மாரியம்மன் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளையை முதலில் வைத்திருந்தது என்னை நெகிழச் செய்தது. அடுத்து, 1873இல் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை எழுப்பி, பத்துமலையில் முருகன் வழிபாட்டையும் தொடங்கிவைத்த தம்புசாமிப் பிள்ளை. பிறகு 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட வ.உ.சிதம்பரம் பிள்ளை, தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

ஆனால் இவர்கள் அனைவரையும் ஒரே மரத்தின் கிளைகளாக வரைந்து, வேரில் எங்கள் தாத்தாவின் ஊரை எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளை என்பது ஒரு குடும்பத்தின் பெயரன்று. வேளாளரும் இசை வேளாளரும் கேரளத்து நாயர்களும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட பட்டம், வேதநாயகம் பிள்ளையைப் போன்ற கிறித்தவர்களின் பெயரிலும் நிலைத்த பட்டம். அந்தக் கோடுகளைப் பார்த்து வளரும் பேரப்பிள்ளைகள், வ.உ.சி.யைத் தங்கள் கொள்ளுப்பாட்டனார் வழி உறவினர் என்றே நம்பிவிடுவார்கள். நாதசுரச் சக்கரவர்த்தி டி.என்.இராஜரத்தினம் பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்ததும் எனக்கு வருத்தம் தந்தது.

இரண்டையும் எடுத்துச் சொன்னபோது கடைக்காரர் மறுபேச்சின்றிக் குறித்துக்கொண்டார். பத்து நாளில், மரமும் கோடுகளும் நீக்கி, ஆண்டு வரிசையில் பெயர்களை அடுக்கி, இராஜரத்தினம் பிள்ளையையும் சேர்த்த புதிய படத்தைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தார். வாங்க எண்ணுபவர்கள், அச்சிடுவதற்கு முன்பே மாதிரிப் படியைக் கேட்டு வாங்கி, மர வடிவம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.