நெருக்கடியில் உடனே பேசுவதா, விசாரித்துவிட்டுப் பேசுவதா?

பெயர் கெடும் நேரத்தில் நிறுவனங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வேகம்
உடனே: வதந்தி பரவும் முன் உங்கள் குரல் போய்ச் சேரும்.
பொறுத்து: அந்த இடைவெளியை மற்றவர்களின் ஊகம் நிரப்பிவிடும்.

செலவு
உடனே: முதலிலேயே பெரிய அடி. 1982இல் சிகாகோ பகுதியில் சயனைடு கலக்கப்பட்ட டைலெனால் என்ற வலிநிவாரணி கேப்சூல்களால் 7 பேர் இறந்தார்கள். விஷத்தைக் கலந்தது வெளியாள் என்றே கருதப்பட்டது. ஆனாலும் அந்த மருந்தின் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது; 10 கோடி டாலருக்கு மேல் செலவு. அப்புறம் மூன்றடுக்குப் பாதுகாப்பு உறையோடு வந்த அதே மருந்தை மக்கள் மறுபடி வாங்கினார்கள். இன்றும் எனக்கு இது வியப்புதான்.
பொறுத்து: செலவு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

துல்லியம்
உடனே: இங்கேதான் ஆபத்து. 2016இல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது சாம்சங் பேட்டரிதான் காரணம் என்று சொல்லி மாற்று போன் கொடுத்தது. அதுவும் எரிந்தது. தயாரிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.
பொறுத்து: சொன்னதை மாற்ற வேண்டிவராது. 2017 ஜனவரியில் முழு ஆய்வு முடிவோடு அவர்கள் வந்தபோது பேச்சில் உறுதி இருந்தது.

சரி, எது யாருக்கு? உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அன்றைக்கே பேசுங்கள், பொருளை நிறுத்துங்கள். ஆனால் விசாரணை முடியும்வரை காரணம் இதுதான் என்று சொல்லாதீர்கள். கணக்கு முறைகேடு, ஊழியர் மீதான புகார் போன்றவற்றில் விசாரணை தொடங்கிவிட்டது, இந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பொறுங்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.