சாதாரண ஏடிஎஸ்எல் மோடம் இரண்டை வைத்து நெட்வொர்க் இணைத்துத் தருகிறேன் என்பவரிடம் கவனம்: டர்பனில் நாங்கள் ஏமாந்தது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கடையோ சிறிய அலுவலகமோ வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுடைய இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பழைய டெலிபோன் கேபிள் கிடக்கலாம். அதன் இரண்டு முனையிலும், டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்கு இன்டர்நெட் தரும் ஏடிஎஸ்எல் மோடத்தை ஆளுக்கொன்றாக மாட்டினால் இரண்டு நெட்வொர்க்கும் ஒன்றாகிவிடும் என்று யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள் நம்பினோம். 6,500 ராண்ட் போயிற்று. தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் ஒன்றரை நாள் வியாபாரமும் போயிற்று. பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதைக் கடைசியில்தான் கண்டுபிடித்தோம்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பூஜைச் சாமான், மசாலா மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். முன்பக்கம் கடையும் அலுவலகமும். அதே வளாகத்தின் பின்கோடியில் குடோன். நடுவே வேறு இரண்டு பட்டறைகள். கேபிள் போகும் வழியில் அளந்தால் 400 மீட்டர் வரும். காவடி சீசனில் கற்பூரமும் மஞ்சளும் பால்குடமும் மூட்டை மூட்டையாக வெளியே போகும். குடோனில் எது எவ்வளவு இருக்கிறது என்று அலுவலகத்துக்கு உடனே தெரியாவிட்டால் இல்லாத சரக்குக்கு பில் போட்டுவிடுவோம். இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பித்தான் சமாளித்தோம். இந்த முறை இரண்டு இடத்தையும் ஒரே நெட்வொர்க்கில் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி அண்ணா முடிவு செய்தார்.

சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது. ஃபைபர் போட வேண்டுமென்றால் காங்கிரீட் தரையைத் தோண்ட வேண்டும், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கூரைக்குக் கூரை ஒயர்லெஸ் வைக்கலாமென்றால் நடுவே உயரமான இரும்புக் கொட்டகை மறைக்கிறது. ஆனால் தரைக்கடியில் பழைய இன்டர்காம் கேபிள் ஒன்று இருந்தது, உள்ளே பத்து ஜோடிக் கம்பி. அதை வைத்து, டெலிபோன் கம்பியில் டேட்டா அனுப்பும் டிஎஸ்எல் முறையில் இணைக்கலாம் என்று எங்கேயோ படித்தேன். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அந்த யோசனையில் தப்பே இல்லை. செய்ய வந்தவரிடம்தான் தப்பு.

வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தபோது ஒருவர் தானாகவே போன் செய்தார். "வணக்கம் அண்ணா" என்று தொடங்கினார். தன் பாட்டியும் நம் கோயிலுக்குத்தான் வருவார் என்றார். மறுநாளே வந்து கேபிளைப் பார்த்தார். மீட்டர் எதுவும் வைத்து அளக்கவில்லை. "ஈஸி ஜாப், இரண்டு மோடம், அரை நாள் வேலை" என்றார். மோடத்துக்கும் கூலிக்கும் சேர்த்து 6,500 ராண்ட், அதில் 4,000 முன்பணம். முதலாளி அண்ணா அங்கேயே அந்த ஆளுடைய சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து வெள்ளை நிற மோடம் இரண்டைக் கொண்டுவந்தார். பெட்டி இல்லை, அடியில் இருந்த ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது. அலுவலகத்தில் ஒன்று, குடோனில் ஒன்று என்று மாட்டி, பழைய கேபிளின் ஒரு ஜோடியை இரண்டிலும் செருகினார். மோடத்தின் முகப்பில் டிஎஸ்எல் என்று எழுதிய பச்சை லைட் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது. அது ஏன் நிலையாக எரியவில்லை என்று கேட்டேன். "கேபிள் ஈரமாக இருக்கிறது. லைன் பழக 24 மணி நேரம் ஆகும். ஆனால் இப்போதே வேலை செய்யும், பாருங்கள்" என்றார். அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார். குடோன் கம்ப்யூட்டரின் திரை அப்படியே எங்கள் முன்னால் வந்து நின்றது. ஸ்டாக் கணக்கைத் திறந்தோம், திறந்தது. முதலாளி அண்ணா சந்தோஷத்தில் மீதி 2,500 ராண்டையும் கொடுத்து, சாப்பிட வைத்தும் அனுப்பினார்.

ஆறாவது நாள் காலையில் திரை வரவில்லை.

போன் செய்தேன். ஒரு நாள் இழுத்தடித்த பிறகு வந்தார், மழை பெய்து கேபிள் நனைந்துவிட்டது என்றார். மோடத்தின் செட்டிங்கில் ஏதேதோ மாற்றினார். நேராக அலுவலகத்தின் முக்கிய ரவுட்டரில் கை வைத்தார். அவர் வெளியே போன அரை மணி நேரத்தில் பில் பிரிண்டர் நின்றது, கார்டு மெஷின் நின்றது. அது வெள்ளிக்கிழமை மதியம். கையில் பணம் வைத்திருந்தவர்கள் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள், மற்றவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சனிக்கிழமை மாலைவரை அதே நிலைமைதான். அவர் போனை எடுக்கவே இல்லை.

எங்களைக் காப்பாற்றியவர் ஒரு பெரியவர். இங்குள்ள டெலிபோன் கம்பெனியான டெல்காம் 1991இல் தனி நிறுவனமாவதற்கு முன்பே, தபால் தந்தி இலாகாவாக இருந்த காலத்திலேயே லைன் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்த கையோடு வந்தார். இரண்டு மோடத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இரண்டுமே வீட்டு முனையில் வைக்கும் மோடம். எக்ஸ்சேஞ்ச் எங்கே?" என்று கேட்டார். எனக்கு அப்போது புரியவில்லை. அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

டிஎஸ்எல் லைனின் இரண்டு முனைக்கும் வேலை ஒன்றல்ல. ஒரு முனை டெலிபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச், அங்கே இருக்கும் கருவிக்கு டிஎஸ்லாம் என்று பெயர். மறுமுனைதான் வீட்டு மோடம். சாதாரண ஏடிஎஸ்எல் லைனில் வீட்டு மோடம் ஏறக்குறைய 26இலிருந்து 138 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில் அனுப்பும். அதற்கு மேல் 1,104 வரை உள்ளதில் எக்ஸ்சேஞ்ச் அனுப்புவதைக் கேட்கும். வீட்டு மோடம் இரண்டை நேராக ஒன்றோடொன்று கோத்தால் இரண்டும் கீழ் அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டு, மேல் அலைவரிசையில் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும். அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை. 24 மணி நேரம் அல்ல, 24 வருடம் விட்டாலும் அந்த லைட் நிலையாக எரியாது. ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் முதல் ஐந்து நாள் எப்படி வேலை செய்தது? அங்கிள் குடோன் மோடத்தைச் சுவரோரத்திலிருந்து இழுத்தார். பின்பக்க யுஎஸ்பி ஓட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு 4ஜி டாங்கிள் செருகியிருந்தது, உள்ளே ப்ரீபெய்டு சிம். சில மோடங்களில் லைன் அறுந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி உண்டு. அதைத்தான் அந்த ஆள் பயன்படுத்தியிருக்கிறார். குடோன் கம்ப்யூட்டர் அந்த சிம் வழியாக இன்டர்நெட்டுக்குப் போயிருக்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டர் அங்கே ஏற்கெனவே இருக்கும் எங்கள் ஃபைபர் இன்டர்நெட் வழியாகப் போயிருக்கிறது. இரண்டிலும் தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளைப் போட்டு, ஒன்றின் திரையை மற்றொன்றில் காட்டியிருக்கிறார். பழைய கேபிளில் ஒரு பிட்டுகூடப் போகவில்லை. சிம்மில் டேட்டா தீர்ந்தது, திரை மறைந்தது. தெரியாமல் செய்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது. ஒளித்து வைப்பதற்கென்றே வாங்கிவந்த டாங்கிள் அது.

எனக்கு உடம்பு நடுங்கியது அடுத்த விஷயத்தில்தான். அந்த மென்பொருள் யாரும் அனுமதி கொடுக்காமலே உள்ளே நுழையும்படி, அவருக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டோடு இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் நாங்கள் வங்கி வேலை பார்க்கிறோம், ஊழியர்களின் அடையாள எண்கள் இருக்கின்றன, கடனுக்கு வாங்குபவர்களின் பட்டியல் இருக்கிறது. ஒன்பது நாள் அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அன்றிரவே இரண்டு கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டிலிருந்து கழற்றினோம், வேறொரு போனிலிருந்து வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றினோம், பிறகு விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டோம். வங்கிக் கணக்கில் எதுவும் போகவில்லை. ஆனால் பட்டியல்களை அவர் பிரதி எடுத்தாரா என்பதை நாங்கள் எப்படியும் அறிய முடியாது. உங்கள் கடைக்கு எந்த டெக்னீஷியன் வந்து போனாலும் அன்று மாலையே கம்ப்யூட்டரில் புதிதாக என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

கார்டு மெஷின் நின்றதற்குக் காரணம் வேறு. இரண்டாவது முறை வந்தபோது அவர் தன் மோடத்தை எங்கள் நெட்வொர்க்கிலேயே சேர்த்து, அதன் டிஎச்சிபியை நிறுத்தாமல் விட்டிருக்கிறார். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை அது. ஒரு நெட்வொர்க்கில் ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும். எங்கள் ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1, அவருடைய மோடத்தின் முகவரியும் அதேதான். கார்டு மெஷின் இன்டர்நெட்டுக்கு வழி கேட்கும்போது, எங்குமே போகாத மோடம் வழி காட்டியிருக்கிறது. அங்கிள் அந்த மோடத்தின் வயரைப் பிடுங்கி எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டதும் மெஷின் உயிர் பெற்றது. ஒன்றரை நாள் நஷ்டத்துக்கு மருந்து ஒரே ஒரு வயரைப் பிடுங்கியதுதான்.

சரி, முறையாக எப்படிச் செய்திருக்க வேண்டும்? இதே கேபிளில் அங்கிளே செய்து காட்டினார். முதலில் குடோன் முனையில் ஒவ்வொரு ஜோடியின் இரு கம்பியையும் முறுக்கிச் சேர்த்து, அலுவலக முனையில் மல்டிமீட்டரால் அளந்தார். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி 400 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 70 ஓம் காட்ட வேண்டும். ஒரு ஜோடி 72 காட்டியது, இன்னொன்று 200ஐத் தாண்டியது, நான்கு ஜோடி எங்கேயோ அறுந்தே போயிருந்தன. 72 காட்டியதை எடுத்துக்கொண்டார். பிறகு டிஎஸ்எல்லிலேயே வேகமான வகையான விடிஎஸ்எல்2 எக்ஸ்டெண்டர் வாங்கினோம், அதை ஜோடியாகவே விற்கிறார்கள். அதில் ஒரு பெட்டி எக்ஸ்சேஞ்ச் வேலை பார்க்கும், மற்றது வாடிக்கையாளர் வேலை பார்க்கும். பெட்டியின் பக்கவாட்டில் சி.ஓ. (எக்ஸ்சேஞ்ச்), சி.பி.ஈ. (வாடிக்கையாளர்) என்று மாற்றும் சின்ன சுவிட்சே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 3,100 ராண்ட். ஒன்றை சி.ஓ.வில் வைத்து, மற்றதை சி.பி.ஈ.யில் வைத்து மாட்டியதும் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பக்கமும் லைட் நிலையாக நின்றது. ஒரு பக்கம் 60 எம்பிபிஎஸ்ஸுக்குச் சற்று மேல், மறுபக்கம் 25. ஸ்டாக் கணக்குக்கு அது தாராளம். முகவரி கொடுக்கும் வேலையை அலுவலக ரவுட்டருக்கு மட்டும் விட்டார். கேபிள் வெளியே போவதால் இரண்டு முனையிலும் இடி தாங்கி வைத்து, எர்த் கம்பி இழுத்தார். மின்வெட்டுக்கு ஆளுக்கொரு சிறிய யுபிஎஸ். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஏமாற்றுக்காரர்களுக்கு இந்த மோடங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதையும் அவர்தான் சொன்னார். நாடு முழுவதும் செம்புக் கம்பி லைன்களைக் கைவிட்டு ஃபைபருக்கும் மொபைலுக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பழைய ஏடிஎஸ்எல் மோடம் அலமாரியில் தூங்குகிறது, சும்மா கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு வந்த இரண்டும் அப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.

ஆகவே உங்களிடம் யாராவது இந்த வேலைக்கு வந்தால், இரண்டில் எது எக்ஸ்சேஞ்ச் பக்கம் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் உடனே கையை நீட்டிக் காட்டுவார். கேபிளை அளக்காமல் விலை சொன்னால் அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்தது என்று காட்டும்போது அலுவலகத்தின் ஃபைபர் வயரை நீங்களே கழற்றுங்கள், மோடத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், அதன்பிறகும் குடோன் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால்தான் மீதிப் பணம். இந்தச் சோதனைக்கு எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி இன்னும் முடியவில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 54ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி சேவை சரியில்லாவிட்டால் சரிசெய்து தரச் சொல்லலாம், அல்லது பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கலாம். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் அங்கே கம்பெனி வழக்குப் போட முடியாது, தனி மனிதர்தான் போட முடியும். எங்கள் கடை முதலாளி அண்ணாவின் சொந்தப் பெயரில் நடப்பதால் தப்பித்தோம். கடையைப் பிடிஒய் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பினோம். அந்த ஆள் கொடுத்த ரசீதில் போட்டிருந்த, டர்பனின் பீனிக்ஸ் பகுதி முகவரிக்கு நானே போனேன். அங்கே ஒரு பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை அவர்கள் பார்த்ததே இல்லை. இதே முகவரியைத் தேடி எனக்கு முன்பே இருவர் வந்து போனதாகப் பாட்டி சொன்னார்.

அந்த இருவரையும் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பதிவு. ஸ்டிக்கர் சுரண்டிய வெள்ளை மோடமோ, பீனிக்ஸ் முகவரி போட்ட ரசீதோ உங்களிடம் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பணம் போன வங்கிக் கணக்கு எண்ணும், டாங்கிளில் இருந்த சிம்மும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. வருகிற செவ்வாய்க்கிழமை முதலாளி அண்ணாவும் நானும் அவற்றை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறோம். அந்த இருவரும் எங்களோடு வந்தால் நன்றாக இருக்கும்.